பன்னிரண்டாவது சாம்பிள்

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணி வாக்கில், நான் பனியனோடு உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தபோது சத்தியப்பிரியா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அமராவதிபுதூர் பஸ் நிறுத்தத்திலிருந்து வெயிலில் நடந்து வந்திருக்கிறாள், முகம் சிவந்து கிடந்தது. என் மனைவி கல்யாணசுந்தரி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். சத்தியப்பிரியா அதைக் குடிக்காமல் ஒரு கையில் பிடித்துக்கொண்டே, மறு கையால் பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் விரித்தாள். தாளில் ஒரு பச்சைக் கோடு. தரையில் புறப்பட்டு ஒரு மேடு ஏறி, பள்ளத்தில் இறங்கி, மறுபடி இன்னொரு மேடு ஏறி, அதன் பிறகு களைத்துப்போனதைப் போலச் சரிந்திருந்தது. இரட்டைத் திமில் வைத்த ஒட்டகத்தைப் பக்கவாட்டில் பார்த்த மாதிரி.

"அண்ணே, இது பன்னெண்டாவது சாம்பிள். நீங்கதான் போட்டீக. அன்னைக்கு என்ன பண்ணீகன்னு நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க."

எனக்கு வயது அறுபத்தேழு. காரைக்குடியில் ஒரு பொறியியல் கல்லூரியின் பலம் பார்க்கும் லேப்பில் முப்பத்தோரு வருஷம் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்று, அதன் பிறகும் தினக்கூலிக்குப் போய்வருகிறேன். முதலாமாண்டுப் பையனிலிருந்து துறைத் தலைவர் வரைக்கும் எல்லோருக்கும் நான் அண்ணன்தான். என் வேலை பொருட்களை உடைப்பது. இழுத்து உடைப்பது, வளைத்து உடைப்பது, நசுக்கி உடைப்பது. உடைவதற்கு முன் அது எவ்வளவு தாங்கியது என்று மிஷின் சொல்லும், அதைப் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். இந்தத் தொழிலில் நான் பார்க்காதது இல்லை. தொண்ணூற்றேழாம் வருஷம் ஒரு கம்பியை இழுக்க வைத்தோம். அது அறுந்து தொலையாமல் நீண்டுகொண்டே போனது. ஜன்னல் வழியாக வெளியே விட்டு, கேட்டைத் தாண்டி ரோட்டோரமாகக் கொண்டுபோனதில், சாயங்காலம் கல்லூரி பூட்டுகிற நேரத்துக்கு அதன் நுனி பஸ் ஸ்டாண்டில் இருந்தது. வலையபட்டியில் இடித்த ஒரு வீட்டுச் சுவரிலிருந்து ஒரு துண்டுச் சாந்தைக் கொண்டுவந்து நசுக்கப்போய், சாந்துக்கு ஒன்றும் ஆகாமல் மிஷின் நாலு அங்குலம் தரைக்குள் இறங்கிவிட்டது. அதை மேலே தூக்க இரண்டு நாள் ஆனது. இதையெல்லாம் நான் நடந்தபடியே சொல்லுகிறேன், கேட்கிறவர்கள்தான் சிரிக்கிறார்கள். சத்தியப்பிரியா ஆராய்ச்சிக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அந்தச் சாந்து விஷயத்தை நோட்டில் தேதியோடு எழுதிவைத்துக்கொண்டு, போய்க் கைடிடம் விளக்கம் கேட்டிருக்கிறாள். அவர் சிரித்த சிரிப்பு மாடிப்படி வரை கேட்டது. அன்றிலிருந்து நான் சொல்லும் எதையும் அவள் எழுதிக்கொண்டதில்லை.

இப்போது அவளே வந்து, சொல்லுங்கள் என்கிறாள்.

அவளுடைய ஆராய்ச்சி என்னவென்று எனக்குத் தெரிந்தவரை சொல்லிவிடுகிறேன். மேலே ஒரு மெல்லிய தகடு, கீழே ஒரு மெல்லிய தகடு, நடுவில் எடையே இல்லாத ஏதோ ஒன்று. மூன்றையும் ஒட்டினால் அதற்கு சாண்ட்விச் பலகை என்று பெயர். விமானத்தின் தரை, படகின் பக்கம், காற்றாலையின் இறக்கை எல்லாம் அப்படித்தான் செய்கிறார்களாம். நடுவில் வைக்கிற பொருளுக்கு வெளிநாட்டு மரமோ நுரையோ வாங்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பதில் நம் கண்மாய்களில் முளைக்கிற நெட்டியை வைத்தால் என்ன என்பதுதான் அவள் கேள்வி. பொங்கலுக்கு மாட்டுக்கு மாலை கட்டுவார்களே, அந்த வெள்ளைத் தண்டு. கடித்தால் பல்லில் கிரீச் என்னும், கையில் வைத்தால் இருப்பதே தெரியாது. அவளுடைய கைடு காசிவிஸ்வநாதன் சார் வகுப்பில் சொல்வதைப் பல வருஷம் கதவோரம் நின்று கேட்டிருக்கிறேன். "எல்லாரும் தோலத்தான் பாப்பான். நடுவுல கெடக்குறது என்ன செஞ்சிரும்னு நெனப்பான். அது விட்டுக்குடுத்துருச்சுன்னா மேல் தோலு யாரோ, கீழ்த் தோலு யாரோ." கேட்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் வீடு ஞாபகம் வரும். நான் ஒரு தகடு, என் மகன் வீரபாண்டியன் ஒரு தகடு, நடுவில் கல்யாணசுந்தரி. நானும் அவனும் பேசிக்கொள்ளாத இந்தப் பதினோரு வருஷமாக அவள் எவ்வளவு தாங்குகிறாள் என்று எந்த மிஷினிலும் வைத்துப் பார்த்ததில்லை.

அந்த நெட்டியை மட்டும் சதுரக் கட்டிகளாக அறுத்து, நசுங்கும்போது எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பதுதான் நாலாவது அத்தியாயம். மொத்தம் பன்னிரண்டு கட்டி. பதினொன்று சாதுவாக ஒரே மாதிரி நசுங்கின. கோடு ஏறும், பிறகு தட்டையாகப் போகும். பன்னிரண்டாவது மட்டும் ஒன்றரை மடங்கு தாங்கி, இரண்டு மேடு காட்டியது. காசிவிஸ்வநாதன் சார் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, இதுதான் உன் தீசிஸ் என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டாவது கட்டி தண்ணீருக்குள் கிடந்த அடித்தண்டிலிருந்து அறுத்தது, அதனால்தான் அதற்கு இந்தக் குணம் என்று சத்தியப்பிரியா நாற்பது பக்கம் எழுதினாள். தீசிஸ் பம்பாயில் இருக்கும் ஒரு பெரிய பேராசிரியரிடம் போனது. அவர் மற்ற அத்தியாயங்களைச் சுமார் என்று சொல்லிவிட்டு, நாலாவதை மட்டும் தூக்கிவைத்துப் பாராட்டி எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தையும் அவள் பையிலிருந்து எடுத்துத் தமிழில் படித்துக் காட்டினாள்.

"மொதல்ல வெளியில இருக்கிற தடிச்ச ஓடு உடையுது. அதுக்கப்புறம் உள்ளுக்குள்ள இருக்கிற தண்ணி நெறஞ்ச அறைகள் ஒண்ணொண்ணா வெடிக்குது. தாவரப் பொருள்ல இந்த மாதிரி ரெண்டு கட்டமா நசுங்குறத நான் பாத்ததில்ல. வைவா அன்னைக்கு என் கண்ணு முன்னால ஒரு தடவ நசுக்கிக் காட்டணும்."

வைவா என்கிற அந்த வாய்மொழித் தேர்வு வியாழக்கிழமை. அவள் மறுபடி கண்மாயில் இறங்கி அடித்தண்டாகப் பார்த்து வெட்டி, இருபது கட்டி செய்து நசுக்கியிருக்கிறாள். இருபதும் ஒற்றை மேடு. ஆறு வருஷப் பதிவு இந்த மாதக் கடைசியோடு முடிகிறது, நீட்டிக்கச் சட்டத்தில் இடமில்லை. திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரி இவளுக்கு வேலை போட்டுவைத்துக்கொண்டு பட்டத்துக்காகக் காத்திருக்கிறது. வியாழக்கிழமை தவறினால் இரண்டும் இல்லை. இதை அவள் அழாமல் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் மோரைக் குடித்தாள்.

தடித்த ஓடு, உள்ளே தண்ணீர் நிறைந்த அறைகள் என்று அவள் படித்தபோதே நான் பேட்டரியைக் கீழே வைத்துவிட்டேன். எனக்குப் படிப்பு குறைவு. ஆனால் ஓடும் அறையும் உள்ள சாமானை நான் பார்த்திருக்கிறேன்.

அது ஆயுத பூஜைக்கு முதல் நாள், போன வருஷத்துக்கு முந்தின வருஷம். பதினொரு கட்டியை அவளே நசுக்கிவிட்டு, வலையபட்டிக்கு நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பினாள். "பன்னெண்டாவத வச்சிட்டேன் அண்ணே. பச்சைப் பட்டன மட்டும் அமுக்குங்க, நம்பர் அதுவே போட்டுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அமுக்கினேன். கட்டி முக்கால்வாசி நசுங்கும்போது கரண்ட் போய்விட்டது. கட்டியைப் பார்த்தேன், தட்டையாகத்தான் இருந்தது. நசுங்க வேண்டியது நசுங்கிவிட்டது, வேலை முடிந்தது என்று எடுத்து மற்ற பதினொன்றோடு பையில் போட்டுவிட்டேன். கரண்ட் வந்தது. லேப்பைக் கழுவி, மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய்க்குச் சொல்லிவிட்டு, பிறகு எப்போதும் செய்வதைச் செய்தேன். லாரிக்காரன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவான். எங்கள் மிஷினுக்குச் சக்கரம் கிடையாது. ஆனால் நசுக்குவதற்கென்றே பிறந்தது. அதனால் முப்பது வருஷத்துக்கு மேலாக ஆயுத பூஜைக்கு அதன் வாயில் ஒரு பழத்தை வைத்து நசுக்குவது வழக்கம். பழைய மிஷினில் முள் இருந்தது. நசுக்கியதை அடுத்த நிமிஷமே மறந்து பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். புதிய மிஷினுக்குக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்கு அதுதான் முதல் ஆயுத பூஜை. கரண்ட் போனதில் நெட்டியின் கோடு பதிவாகவில்லை, அது பன்னிரண்டாவதுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"ஆத்தா" என்றேன். "அது நெட்டி இல்ல. எலுமிச்சம்பழம்."

சத்தியப்பிரியா தம்ளரைத் தரையில் வைத்தாள். பிறகு தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"ஆறு வருஷத்துல ஒரு நாளாவது எங்கிட்ட உண்மையா ஒண்ணு சொல்லியிருக்கீகளா அண்ணே?"

"இது உண்மை ஆத்தா."

"எல்லாத்துக்கும் அதத்தான் சொல்வீக. கம்பிக்கும் அதத்தான் சொன்னீக."

"கம்பியும் உண்மைதான்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. கல்யாணசுந்தரி கதவு நிலையில் சாய்ந்து நின்றபடி, "இந்த மனுசன் எங்க கல்யாணத்தன்னைக்கு முதலை மேல ஏறி ஆத்தக் கடந்து வந்தேன்னு சொன்னவரு. அதுக்காக அவரு வராம இருந்தாரா. வந்தாருல்ல" என்றாள். எனக்காகத்தான் பேசினாள் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கம் ஆறே கிடையாது.

மறுநாள் புதன்கிழமை சந்தையில் மூன்று பழம் வாங்கிக்கொண்டு லேப்புக்குப் போனேன். நம்பவில்லை என்று சொன்னவள் எனக்கு முன்னால் வந்து மிஷினைப் போட்டு வைத்திருந்தாள். முதல் பழத்தை வைத்துப் பட்டனை அமுக்கியதும் அது வழுக்கிக்கொண்டு ஓடிப்போய் பீரோவுக்கடியில் நுழைந்தது. இரண்டாவது ஒரு பக்கமாகப் பிதுங்கி டப்பென்று வெடித்தது. கோடு ஊசி போல் ஏறி, ஊசி போல் இறங்கியது. மூன்றாவதும் அப்படியே. இரட்டை மேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மிஷின் தட்டெல்லாம் சாறு. சத்தியப்பிரியா துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

காசிவிஸ்வநாதன் சார் உள்ளே வந்து மூக்கைச் சுளித்தார். "என்னண்ணே, சர்பத் கடை போட்டுட்டீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. என் மகளின் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்து பந்தல் போட்டவர். அவர் முதலில் சிரித்தார், பிறகு வெடித்த பழத்தையும் திரையில் இருந்த ஊசியையும் பார்த்துவிட்டு இன்னும் நன்றாகச் சிரித்தார், அதன் பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவளிடம் திரும்பினார்.

"இந்தக் கிராஃபப் பாத்தா உனக்கே தெரியுதுல்ல, அது பழம் இல்லன்னு. நாளைக்கு நெட்டியவே வை. வந்தா வருது, வரலன்னா இயற்கைப் பொருள் அப்படித்தான்னு சொல்லு. அவர் பெரிய மனுசர், புரிஞ்சுக்குவார். இவரு பேச்சக் கேட்டு மிஷினப் புளிக்க வைக்காத."

அவர் போன பிறகு அவள் பீரோவுக்கடியில் கைவிட்டு ஓடிப்போன பழத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியும் நிறையக் கோபமும் இருந்த மாதிரி இருந்தது. எனக்கோ ஒன்றுமே புரியவில்லை. வீட்டுக்கு வரும் பஸ்ஸில், ஒருவேளை நான் அந்த வருஷம் பழமே வைக்கவில்லையோ, பழத்தை வைத்ததாக நானே சொல்லிச் சொல்லி நம்பிவிட்டேனோ என்று தோன்றியது. பொய் சொல்கிறவனுக்கு இந்தச் சங்கடம் உண்டு. சொன்னது எல்லாம் சரளமாக ஞாபகமிருக்கும். நடந்ததுதான் மங்கலாக இருக்கும்.

வியாழக்கிழமை காலையில் இட்லிக்குத் தொட்டுக்கொள்ள எலுமிச்சை ஊறுகாய் ஜாடியை எடுத்து நேராகத் தரையில் வைத்தேன். கல்யாணசுந்தரி சத்தம் போட்டாள். "தட்டு வச்சு வைங்க. புளிப்புப் பட்டா மொசைக் அரிச்சுப்போகும்னு எத்தன தடவ சொல்றது."

கை அப்படியே நின்றுவிட்டது.

புது மிஷினின் தட்டு கண்ணாடி மாதிரி இருக்கும். பல லட்ச ரூபாய்ச் சாமான். எலுமிச்சைச் சாறு பட்டு அது அரித்துவிட்டால் என்ன செய்வது என்று அன்றைக்குப் பயந்தேன். பயந்து, சத்தியப்பிரியா கழித்துப்போட்ட கண்ணாடி நார்த் தகட்டில் இரண்டை எடுத்து, பழத்துக்குக் கீழே ஒன்று மேலே ஒன்று என்று வைத்துத்தான் நசுக்கினேன். வைத்தேன். சத்தியமாக வைத்தேன். மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, நடுவில் பழம்.

இட்லியை விட்டுவிட்டு எட்டே முக்கால் டவுன் பஸ்ஸைப் பிடித்தேன். வைவா பத்தரைக்கு. போனதும் லேப்பைத் திறந்து, அவளைப் பார்ப்பதற்கு முன்பே, எதற்கும் இருக்கட்டும் என்று மிஷினின் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். உண்மை ஒரு பக்கம் இருக்கட்டும். மிஷின் ஓடாவிட்டால் நசுக்கிக் காட்ட முடியாது, நசுக்கிக் காட்ட முடியாவிட்டால் பம்பாய்க்காரர் மாலை விமானத்துக்கு மதுரைக்குப் போய்த்தான் ஆக வேண்டும், போகிறவர் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போவார். என் வாழ்க்கையில் நான் யோசித்ததிலேயே சுத்தமான பொய் அதுதான். பேச்சே கிடையாது.

வராந்தாவில் அவளுடைய அப்பா மருதுபாண்டி உட்கார்ந்திருந்தார். வலையபட்டியில் கடலை போடுகிறவர். விடியற்காலையிலேயே பிள்ளையார்பட்டிக்குப் போய்விட்டு நேராக வந்திருக்கிறார், நெற்றியில் திருநீறு கலையவில்லை. மடியில் ஒரு துணிப்பை. அதில் கைடுக்குப் போர்த்தப் பொன்னாடை, எல்லோருக்கும் கொடுக்க மைசூர்பாகு, வருகிற பெரியவர்கள் கையில் கொடுத்துக் கும்பிட எலுமிச்சம்பழம்.

"இன்னைக்கு முடிஞ்சிருமாய்யா?" என்று என்னிடம் கேட்டார்.

"முடிஞ்சிரும்" என்றேன். எது என்று அவர் கேட்கவில்லை.

சத்தியப்பிரியா மயில்கழுத்து நிறச் சேலையில், மார்போடு தீசிஸை அணைத்துக்கொண்டு வந்தாள். ஓரமாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தகடு வைத்ததையும் சொன்னேன், ஃபியூஸையும் காட்டினேன். "நீ நெட்டிய வச்சுக்க. மிஷின் ஓடாது. என்னயத் திட்டு, நல்லாத் திட்டு, கெழவன் கவனிக்கலன்னு சொல்லு. நான் தலையக் குனிஞ்சுக்கிறேன்."

அவள் ஃபியூஸைப் பார்க்கவே இல்லை.

"தகட்ட எந்தப் பக்கம் பாத்து வச்சீக?"

"என்ன?"

"அதுல ஒரு பக்கம் வழவழன்னு இருக்கும், ஒரு பக்கம் சொரசொரன்னு இருக்கும். எது உள்பக்கம்?"

"சொரசொரப்புத்தான். வழவழப்ப வச்சா பழம் ஓடிருமே."

அவள் முகத்தில் அப்போது என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக நான் சொன்னதை எழுதிக்கொள்ள நோட்டைத் தேடுகிற மாதிரி அவள் கை அசைந்தது. ஆனால் நோட்டு இல்லை. "ஓடாது" என்று தனக்குத்தானே சொன்னாள். "பிடிச்சுக்கும். நேராத்தான் நசுங்கும். ஓடு மொதல்ல." டிபன் பொட்டலம் கொண்டுவந்தவன் எங்கே இறக்க என்று கேட்டான். "அங்குட்டு வைங்கண்ணே" என்றாள்.

பிறகு அப்பாவிடம் போய் பைக்குள் கைவிட்டு ஒரு பழத்தை எடுத்தாள்.

"ஆத்தா, அது பம்பாய் ஐயா கையில குடுக்கக் கொண்டாந்தது."

"அவருக்குத்தாம்ப்பா."

பம்பாய்ப் பேராசிரியர் பெயர் மீனாட்சிசுந்தரம். பூர்வீகம் மேலூர்ப் பக்கமாம், தமிழ் நன்றாகவே பேசினார். தலையில் முடியில்லை, கழுத்தில் கண்ணாடி கயிற்றில் தொங்கியது. மாடி அறையில் ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டார். கதவோரம் நின்றேன், எனக்கு அதெல்லாம் பழக்கம். நடுப்பொருள் பலமாக இருப்பது முக்கியமா, இரண்டு தோலையும் விலகாமல் வைத்திருப்பது முக்கியமா என்று கேட்டார். அவள் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லி ஏன் என்று விளக்கினாள். அவர் தலையாட்டினார். காசிவிஸ்வநாதன் சார் மூச்சு விட்டார். கடைசியில் எல்லோரும் மாடியிலிருந்து இறங்கி லேப்புக்கு வந்தோம். அங்கே வைத்து அவர் சிரித்துக்கொண்டே, "இப்ப அந்தப் பன்னிரண்டாவதைப் பார்ப்போம்" என்றார்.

"சார்" என்றாள் சத்தியப்பிரியா. "பன்னெண்டாவது நெட்டி இல்ல. எலுமிச்சம்பழம்னு நெனைக்கிறேன்."

காசிவிஸ்வநாதன் சார் கண்ணை மூடிக்கொண்டார். மீனாட்சிசுந்தரம் சார் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். என்னைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்களே, அதே சிரிப்பு.

"தமாஷ் பண்ணாதேம்மா. அந்தக் கிராஃபை நான் மூணு வாரம் வச்சுப் பார்த்தேன். பழம் இப்படி நசுங்காது."

"சும்மா வச்சா நசுங்காது சார். ரெண்டு தகட்டுக்கு நடுவுல வச்சா நசுங்குமோ என்னமோ."

"என்னமோவா?"

"இன்னும் நசுக்கிப் பாக்கல. இப்பத்தான் பாக்கணும்."

அவர் அவளைப் பார்த்தார், கைடைப் பார்த்தார், அவள் கையிலிருந்த பழத்தைப் பார்த்தார். அவரைப் போல் படித்த ஒருவர் இவ்வளவு குழம்பி நான் பார்த்ததில்லை. அறையில் குழம்பாமல் இருந்தது அவள் ஒருத்திதான். அவள் தகட்டின் முகத்தை விரலால் தடவிப் பார்த்துக் கீழே ஒன்றை வைத்தாள், அதன் நடுவில் பழத்தை வைத்தாள், மேலே இன்னொன்றை வைத்தாள். பட்டனை அமுக்கினாள். மிஷின் சும்மா இருந்தது. காசிவிஸ்வநாதன் சார் கண்ணைத் திறந்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "கரண்ட் இல்லையா? அப்ப இன்னொரு நாள்" என்று ஆரம்பித்தார்.

சத்தியப்பிரியா திரும்பாமலே, "அண்ணே, ஃபியூஸப் போடுங்க" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சட்டைப் பையிலிருந்து அதை எடுத்துக்கொண்டு மிஷினுக்குப் பின்னால் போனேன். எட்டு அடி தூரம் இருக்கும். அந்த எட்டு அடியில் யாரிடம் என்ன வேண்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. பழம் இரண்டு மேடு காட்டினால், என் பேச்சு ஒன்று முதல் முறையாகப் படித்தவர்கள் முன்னால் உண்மையாகும். அவளுடைய நாற்பது பக்கம் போகும், அதோடு பட்டம் போகிறதா இல்லையா என்பது அந்த வழுக்கைத் தலைக்குள் இருந்தது. ஒற்றை மேடு காட்டினால் அவள் தப்பிப்பாள், பன்னிரண்டாவது பன்னிரண்டாவதாகவே இருக்கும், நான் இன்னொரு கம்பியை பஸ் ஸ்டாண்டு வரை இழுத்தவனாக வீட்டுக்குப் போவேன். எனக்கு அது பழக்கம்தான். ஆனால் தகட்டை வைத்தது நான். அது எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்தேன். ஃபியூஸ் இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவைதான் உள்ளே போய் உட்கார்ந்தது.

மிஷின் முனகிக்கொண்டு இறங்கியது. திரையில் பச்சைக் கோடு பூஜ்யத்திலிருந்து கிளம்பி மெதுவாக ஏறியது. வாசலில் மருதுபாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு, கோவிலில் நிற்பதுபோல் நின்றுகொண்டிருந்தார். தகடுகளுக்கு நடுவில் பழம் ஓடவில்லை. மஞ்சள் பக்கங்கள் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகின. கோடு ஒரு மேடு ஏறியது. உள்ளே எங்கோ மெல்லிய ஒரு சத்தம், வெற்றிலையை மடித்துக் கிழிக்கிற மாதிரி. கோடு இறங்கத் தொடங்கியது, நேற்று மாதிரி ஊசியாக இல்லாமல் மெதுவாக.

மீனாட்சிசுந்தரம் சார் திரையை விட்டுவிட்டார். கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முழங்காலில் கையை ஊன்றி, குனிந்து, மிஷினின் வாய்க்கு அரையடி தூரத்தில் முகத்தைக் கொண்டுபோனார். சத்தியப்பிரியாவும் பக்கத்தில் குனிந்தாள். கீழ்த் தகட்டின் விளிம்பில் ஒரு சொட்டுச் சாறு வந்து நின்றிருந்தது. அது விழவில்லை. ஜன்னல் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு, பெரிதாகிக்கொண்டே இருந்தது.